கப்பல் உளுந்து

கப்பலில் வந்த உளுந்துக்கு எடை இல்லாமல் போனது கள்ளிமடைச் சந்தை கூடுகிற ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், தவசிக்கனி அண்ணாச்சியின் கமிஷன் கடை வாசலில், ஊரில் பாதிப்பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. லாரியிலிருந்து மூட்டை இறக்க முதுகைக் கொடுத்த சுமைக்காரன், வழக்கமாக வரும் பாரத்துக்கு இடுப்பை இறுக்கி நின்றவன், பாரம் வராததால் முன்பக்கம் தடுமாறி விழுந்தான். மூட்டை அவன் முதுகைவிட்டுத் தனியாகப் பிரிந்து, தலையணை விழுவதைப் போல மெல்ல வந்து தரையில் உட்கார்ந்தது. தராசில் தூக்கி வைத்தார்கள். முள் அசையவில்லை. இன்னொரு மூட்டையை அதன்மேல் வைத்தார்கள், அப்போதும் அசையவில்லை. அண்ணாச்சி தராசைக் காலால் ஒரு உதை விட்டார். அந்த உதைக்கு முள் துள்ளி விழுந்ததே தவிர மூட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் எங்கள் ஊர்க் கரிசலில் விளைந்த கொத்தமல்லிச் சாக்கு ஒன்று கிடந்தது. அதைத் தூக்கி வைத்தவுடன் முள் சரியாக ஓடிப்போய் நிற்கவேண்டிய இடத்தில் நின்றது.

டீக்கடை மூக்காண்டி எதிர்ப்புறத்திலிருந்து குரல் கொடுத்தான். "என்ன அண்ணாச்சி, வர்ற வழியில எடையைக் கடல்ல இறக்கி வச்சிட்டு வந்துட்டானுகளா?"

சந்தையே சிரித்தது. ஆச்சரியப்பட்டு வாய் பிளந்தவர்கள் யாரும் இல்லை. இப்படி ஒன்று நடக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் ஏதோ ஒன்று நடந்தே தீரவேண்டும் என்று நாங்கள் எல்லோருமே ஒரு மாதமாகக் காத்துக்கொண்டிருந்தோம். காத்திருந்தவனுக்கு வருவது எந்த உருவத்தில் வந்தாலும் அதிசயமாகத் தெரிவதில்லை.

காத்திருந்ததற்குக் காரணம் பொன்னுலிங்கம். தை அறுப்பு முடிந்து எங்கள் உளுந்து மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்த அதே வாரத்தில் துறைமுகத்துக்குக் கப்பலும் வந்தது. எந்த நாட்டில் விளைந்தது என்றே தெரியாத உளுந்து எங்கள் விலையில் பாதிக்குக் கிடைத்தவுடன் தவசிக்கனி அண்ணாச்சி எங்கள் மூட்டைகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. மற்றவர்கள் கிடைத்ததை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பொன்னுலிங்கம் போகவில்லை. அவர் அண்ணாச்சிக்குச் சம்பந்தி. அவருடைய ஒரே மகள் வடிவை அண்ணாச்சியின் மகனுக்குத்தான் கட்டிக்கொடுத்திருந்தார். சம்பந்தி மூட்டையைச் சம்பந்தி எடுக்காமலா போவார் என்று கடை வாசலிலேயே மூட்டைகளை அடுக்கி, அதன்மேல் உட்கார்ந்திருந்தார். பருவம் தப்பிய மழை வந்தது. மூட்டைகளைக் கடைக்குள் தள்ளிவைக்க இடம் கேட்டார். உள்ளே கப்பல் சரக்கு இருந்ததால் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நனைந்த உளுந்து சாக்குக்குள்ளேயே முளைத்து, சாக்கின் கண்களுக்கு வெளியே வெள்ளை வெள்ளையாக வேர் நீட்டிக்கொண்டிருந்த காலையில், பொன்னுலிங்கம் அதன்மேல் சாய்ந்தபடியே இறந்து கிடந்தார். மாரடைப்பு என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம்.

கருமாதி அன்று அவர் மனைவி கோமதி அந்த முளைத்த மூட்டையில் ஒன்றை வாசலுக்கு இழுத்து வரச் சொல்லி, அதன்மேல் தட்டு வைத்துச் சூடம் ஏற்றினாள். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தால் எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் கோர்ட்டு கிடையாது. கப்பலில் வந்த தானியம், கப்பலில் வந்த எண்ணெய், கப்பலில் வந்த பழம், பிஸ்கட், எதுவும் இனி எங்கள் அடுப்புக்கும் வாய்க்கும் வராது, இந்த மண்ணில் விளைந்ததை, இந்த ஊர்க் கை செய்ததை மட்டுமே தின்போம் என்று ஒவ்வொருவராக வந்து அணைத்தோம். அணைக்க அணைக்க அவள் புதுச் சூடம் ஏற்றிக்கொண்டே இருந்தாள். எல்லோரும் முடித்தபின் கோமதி கடைசியாக ஒரு கட்டி ஏற்றிவைத்து, "இந்த மண்ணுல விளைஞ்சதுல ஒரு மணிகூட தவசிக்கனி வீட்டுக்குள்ள போகக் கூடாது" என்று சொல்லி அதையும் அடித்து அணைத்தாள். வடிவு அப்போது அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள், வயிற்றில் இரண்டு மாதம். அந்த வீட்டுக்குத்தான் அவளும் திரும்பிப் போகவேண்டும். கோமதி மகளை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அதைச் சொன்னாள். நாங்கள் அதற்கும் சேர்த்துத் தலையாட்டினோம். முதல் சத்தியத்தைவிட இந்த இரண்டாவது சத்தியத்துக்கு எங்கள் தலை வேகமாக ஆடியது ஏன் என்று இப்போது யோசித்தால் எனக்கு நல்ல பதில் எதுவும் கிடைப்பதில்லை.

இப்படியாக எடை போன செய்தி ஊருக்குப் பழகிப்போனது. தராசுக்கு முத்திரை போடும் அதிகாரி ஜீப்பில் வந்து தராசைச் சோதித்து, தராசில் குறை இல்லை என்று எழுதிவிட்டு, மூட்டையில்தான் குறை என்று எழுத அவருடைய ஆபீசில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணாச்சி எடைக்கு விற்பதை விட்டுவிட்டுப் படிக்கு அளந்து விற்கப் பார்த்தார். உளுந்து படிக்குள் விழுந்து நிற்காமல் மாவுபோல மிதந்தது. மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் கடையைத் திறக்க முடிந்தது. சுமைக்காரர்கள் ஆளுக்கு நான்கு மூட்டையைக் கயிற்றில் கட்டி மாடு ஓட்டுவதைப் போல இழுத்துக்கொண்டு போனார்கள், கூலியை மட்டும் மூட்டைக்கு இவ்வளவு என்று பழைய கணக்கிலேயே வாங்கினார்கள். "பாரம் இல்லையேடே" என்று அண்ணாச்சி சொன்னதற்கு, "அதுக்கு நாங்க என்ன செய்ய, நாங்க பாரம் தூக்கத்தான் வந்தோம்" என்று பதில் வந்தது.

பிறகு கப்பல் சரக்கைத் தின்றவர்களுக்கும் எடை குறையத் தொடங்கியது. சத்தியத்தை மீறித் திருட்டுத்தனமாகக் கப்பல் எண்ணெயில் பொரித்ததைத் தின்றவன், மழை பெய்த தெருவில் நடந்தால் சேற்றில் தடம் விழாது. அவனை நிறுத்தி, குடும்பமே கூடித் திட்டி, கம்மங்கூழும் கருப்பட்டியும் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் தடம் விழுந்துவிடும். மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் பையனைச் சேற்றில் நடக்கவிட்டுப் பார்க்கும் வழக்கம் அந்த வருடம்தான் வந்தது. புரோட்டாக் கடைக்காரர் ஒரு மத்தியானம் கல்லின்மேல் குனிந்தவர் நிமிர முடியாமல் அப்படியே மேலே போய்க் கூரையில் தலை முட்டி நின்றார். அவர் காலைப் பிடித்து இறக்கிய மறுநாளே கடலை எண்ணெய்க்கு மாறினார். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் மீள வழி இருந்தது. வழி இல்லாதது ஒரே ஒரு வீட்டுக்குத்தான்.

அந்த வீட்டுக்கு யாரும் ஒரு மணி கொடுக்கவில்லை. சுற்றுப்பட்டு ஊர்களிலும் சூடம் அணைத்திருந்தார்கள். அண்ணாச்சி பஸ் ஏறிப் போய் வாங்கிவரலாம் என்றால் கண்டக்டர், "ஜன்னலெல்லாம் திறந்து கெடக்கு அண்ணாச்சி, வழியில உம்மத் தேடிக்கிட்டு என்னால வானத்துல வண்டி ஓட்ட முடியாது" என்று கதவை அடைத்தான். மகன் கதிரேசன் துறைமுகத்தில் கப்பல் சரக்கை வெளியே எடுத்துவிடும் கிளியரிங் வேலையில் இருந்தான். அப்பாவுக்கும் மனைவிக்கும் பெட்டி பெட்டியாகச் சாப்பாட்டுச் சாமான்கள் அனுப்பினான். ஆனால் அவனுக்குச் சாமான் கிடைக்கிற இடம் என்று தெரிந்தது கப்பல் மட்டும்தான். பெட்டிகள் தபால்காரர் சைக்கிளுக்குப் பின்னால் நூலில் கட்டிய பட்டம்போல வந்து சேர்ந்தன.

அண்ணாச்சி கடையிலிருந்த எடைக்கற்களைக் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நடமாடினார். எத்தனையோ வருடம் எங்கள் விளைச்சலை எடை போட்ட அதே இரும்புக் கற்கள்தான். அவர் நடந்தால் கோயில் யானை வருவதைப் போலச் சத்தம் முதலில் வரும், தெருவே எட்டிப்பார்க்கும். ஒரு வெள்ளிக்கிழமை அவர் அம்மன் கோயிலுக்குத் துலாபாரம் கொடுக்க வந்தார். தன் எடைக்கு எடை தானியம் காணிக்கை கொடுத்தால் குறை தீரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு தட்டில் அவர் கற்களை அவிழ்த்துவைத்துவிட்டுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், மறு தட்டில் வைக்க அவரிடம் வேறு என்ன இருக்கிறது, கப்பல் உளுந்தை வைத்தார். தட்டுகள் இரண்டும் ஒரு நூல் ஏறாமல் இறங்காமல் சமமாக நின்றன. பூசாரி கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு, அம்மன் ஏத்துக்கிட்டா" என்று திருநீறு பூசி அனுப்பினார். பிரகாரத்தில் அன்றைக்கு எழுந்த சிரிப்பு அவர் வீடு போய்ச் சேரும்வரை அவர்கூடவே போனது. இப்படிச் சிரிக்க எங்களுக்கு நியாயம் இருந்தது. நியாயம் இருக்கிற சிரிப்பு எத்தனை ருசியானது என்பதை நாங்கள் அந்த வருடம்தான் தெரிந்துகொண்டோம்.

வடிவும் அந்த வீட்டில்தான் இருந்தாள். அவளும் கப்பல் சாப்பாட்டைத்தான் தின்றாள். மாதம் ஏற ஏற வயிறு பெருத்தது, எடை குறைந்தது. ஐந்தாம் மாதம் அவளைச் சேலையால் தூணோடு சேர்த்துக் கட்டிவைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். ஆறாம் மாதம் அவள் படுத்திருந்தால் பாய்க்கும் முதுகுக்கும் நடுவில் கை போகிறது என்றார்கள். நர்சம்மா வந்து பார்த்துவிட்டு, பிள்ளை நன்றாக அசைகிறது, ஆனால் பிரசவம் என்று வந்தால் முக்குவதற்குக் கால் ஊன்ற இடம் வேண்டாமா, தாய்வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் நல்ல சோறு போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஊர் முழுக்கக் கோமதியின் முகத்தைப் பார்த்தது. அண்ணாச்சியும் அதைத்தான் எதிர்பார்த்திருந்தார். பிள்ளைத்தாய்ச்சியைத் தாய்வீட்டுக்கு அழைத்துவர ஒரு முறை இருக்கிறது. ஏழாம் மாதம் தாய்வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டுபோய், மாப்பிள்ளை வீட்டுக்குள் இலை போட்டு, அந்த வீட்டு ஆட்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெண் படி இறங்கலாம். அண்ணாச்சி மூக்காண்டியைத் தூது அனுப்பினார்.

"முறை தெரியாதவளாடே அவ? சோறு வரட்டும். நாங்க கை நனைச்ச பொறவு பொண்ணைக் கூட்டிட்டுப் போகட்டும்னு சொல்லு."

கோமதி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். புடைப்பதை நிறுத்தாமலே பதில் சொன்னாள். "கை நனைக்கணுமாமா? கடல்ல போய் நனைக்கச் சொல்லு. அவருக்கு அதுதான சொந்தம்."

"யக்கா, உள்ள கெடக்கறது உம்ம மவ."

"எம் மவதான். ஒம் மவளா?" என்றாள். "அவருக்குச் சோறு வேணும்னு எம் பிள்ளையக் கட்டி வச்சிருக்காரு. நான் சோறு கொண்டுபோனா அவரு ஜெயிச்சிட்டாருன்னு அர்த்தம். எம் புருஷன் மூட்டைக்கு எடம் கேட்டப்ப இந்த முறையெல்லாம் எங்க போச்சு?"

மூக்காண்டி அதை அங்கே போய்ச் சொன்னான், அங்கே சொன்னதை இங்கே வந்து சொன்னான். இதற்கு நடுவில் ஆனி பிறந்துவிட்டது. ஆனிக் காற்று எங்கள் ஊரில் காய்கிற துணியைப் பக்கத்து ஊரில் கொண்டுபோய்ப் போடும். ஒரு நாள் மத்தியானம் அண்ணாச்சி வீட்டு ஓடுகள் சில பறந்துபோன செய்தி வந்தது. கோமதி முறத்தைக் கீழே வைத்தாள்.

அவள் உளுந்தங்களி கிண்டினாள். தோலோடு வறுத்து அரைத்த எங்கள் உளுந்து மாவில் கருப்பட்டிப் பாகு ஊற்றி, நல்லெண்ணெய் விட்டு விட்டு, கரண்டி நிற்கிற பதத்துக்குக் கிண்டி, பானையோடு இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். வாசனை முன்னால் போனது, பின்னால் நாங்கள் போனோம். அண்ணாச்சி வீட்டு வாசலுக்கு வந்ததும் கோலத்துக்கு வெளியே நின்றுவிட்டாள்.

"வீடு எதுவரைக்கும்?" என்று திரும்பி எங்களைக் கேட்டாள்.

பெண்கள்தான் தீர்ப்புச் சொன்னார்கள். "கோலம் முடியிற எடத்தோட வீடு முடிஞ்சிருதுக்கா. அதுக்கு இங்கிட்டு பஞ்சாயத்து ரோடு."

கோமதி பானையை ரோட்டில் இறக்கி, இலையை விரித்து, பறக்காமல் இருக்க நான்கு மூலையிலும் கல் வைத்தாள். "வடிவு, வா. வந்து சாப்பிடு" என்று கூப்பிட்டாள்.

தாழ்வாரத்துக்கும் கோலத்தின் ஓரத்துக்கும் நடுவில் கூரை இல்லாத வெறும் வாசல். நல்ல எடையுள்ளவர்களுக்கு அது ஏழெட்டு எட்டு. வடிவு தூணில் கட்டியிருந்த சேலையை அவிழ்த்துக்கொண்டு தூணைப் பிடித்தபடி நின்றாள். காற்று அவளை ஒரு பக்கமாகத் தூக்கியது, இரண்டு பாதமும் தரையை விட்டுவிட்டன. ஆண்கள் களத்தில் விரிக்கிற படுதாவைக் கொண்டுவந்து ஆளுக்கொரு மூலையாகப் பிடித்தார்கள். ஆனால் மேலே போகிறவளைக் கீழே பிடிக்கிற படுதா என்ன செய்யும்? ஒரு கையால் தூணையும் ஒரு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு அவள் அலறினாள். கோமதி கோலத்தின் விளிம்பில் நின்றாள். உள்ளே ஒரு கால் வைக்கவில்லை. வைத்தால் அவள் கையிலிருந்த கரண்டியில் ஒட்டியிருந்ததும் உள்ளே போயிருக்கும்.

அப்போது அண்ணாச்சி தாழ்வாரத்துக்கு வந்தார். சம்பந்தியம்மாளைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் இடுப்பிலிருந்த எடைக்கற்களின் முடிச்சை அவிழ்த்து, அவிழ்த்த கையோடு அதை மருமகளின் கால்களில் சுற்றிக் கட்டினார். முடிச்சு இறுகியபோது அவர் உடம்பு தலைகீழாகியிருந்தது. வடிவு தரைக்கு இறங்கினாள், அவர் தூணைக் கட்டிக்கொண்டு கொடிபோலக் காற்றில் நீட்டிக்கொண்டு நின்றார். வேட்டி ஒரு பக்கம் படபடத்தது. யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தோம். வடிவு இரும்புச் சத்தத்தோடு ஒவ்வொரு எட்டாக வைத்து, கோலத்தைத் தாண்டி, இலைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

கோமதி ஒரு உருண்டை எடுத்து மகள் வாயருகே கொண்டுபோனாள். வடிவு வாயைத் திறக்கவில்லை.

"மொதல்ல அவருக்குப் போடு."

"என்னது?"

"எங்க மாமாவுக்குப் போடு. இல்லன்னா எனக்கும் வேண்டாம்."

"ஒங்கப்பனைக் கொன்னவருடி அவரு."

"எனக்குத் தெரியாதாம்மா? எங்கப்பன்தான்." வடிவு காலில் கட்டியிருந்த இரும்பைத் தொட்டுப் பார்த்தாள். "ஆனா இதை அவுத்துக் கட்டுனது நீ இல்ல."

நாங்கள் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றோம். கோமதி களி உருண்டையைக் கையில் வைத்தபடியே நெடுநேரம் நின்றாள். அது ஆறிப்போனது. பிறகு, "அண்ணாச்சியை இறக்குங்க" என்றாள்.

படுதாவின் கயிற்றை வீசி, அவர் பிடித்துக்கொண்டதும் இழுத்து, கோலத்துக்கு வெளியே கொண்டுவந்து இரண்டு பேர் தோளை அமுக்கி உட்காரவைத்தார்கள். கோமதி அவருக்கு எதிரில் இலை போட்டுத் தண்ணீர் தெளித்தாள். ஒரு கரண்டி களி வைத்தாள். அவர் பிசையாமல், ஊதாமல், அள்ளித் தின்றார். தோளை அமுக்கிக்கொண்டிருந்தவர்கள் கை தளர்ந்தது. கரண்டி நுனியில் இன்னும் கொஞ்சம் எடுத்து வைத்தாள். அதையும் தின்றார். "பார்ப்போம், எந்திரிங்க" என்றாள். எழுந்தார். குதிகால் தரைக்கு வரவில்லை. கால் விரல்களின் நுனி மட்டும் புழுதியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவர் மறுபடியும் உட்கார்ந்து இலையைப் பார்த்தார்.

"போதும்" என்றாள் கோமதி.

பந்தியில் போதும் என்று சொல்வது சாப்பிடுகிறவர். பரிமாறுகிறவர் அந்தச் சொல்லைச் சொல்லி எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை. அண்ணாச்சி இலையை மூடாமல் உட்கார்ந்திருந்தார். கோமதி குனிந்து அவர் இலையைத் தானே மூடினாள். கல்யாண வீட்டில் மூடுவதைப் போல அவர் பக்கமாக மூடவில்லை. துக்க வீட்டில் மூடுவதைப் போல அந்தப்பக்கமாக மூடினாள். அதன்பிறகுதான் வடிவு வாய் திறந்து சாப்பிட்டாள்.

வடிவு தாய்வீட்டுக்கு வந்து, காலில் கட்டிய இரும்பு தேவைப்படாமல் போய், ஆவணியில் ஒரு பெண் பிள்ளை பெற்றாள். நர்சம்மா இரண்டு கையாலும் தாங்கித்தான் பிள்ளையைத் தூக்கவேண்டியிருந்தது. அண்ணாச்சியின் கமிஷன் கடை அடைத்துக் கிடந்தது. அதன் எதிரிலேயே பெண்கள் ஒரு கடை போட்டு, வடிவு காலோடு வந்த அதே கற்களால் எங்கள் உளுந்தை எடை போட்டு எங்கள் விலைக்கு விற்றார்கள். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள்.

வீட்டில் இன்னும் கப்பல் சாப்பாடுதான் என்பதால் தினமும் மத்தியானம் அண்ணாச்சி வருவார். வீட்டுச் சுவர்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு, கால் விரல்கள் புழுதியில் மெல்லிய கோடு இழுக்க, தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வந்து, கோமதி வீட்டுக் கோலத்துக்கு வெளியே உட்காருவார். அவள் இலை போடுவாள், அதே அளவு வைப்பாள், போதும் என்பாள், இலையை மூடுவாள். இன்னும் கொஞ்சம் என்று அவர் கேட்டதில்லை. சத்தியம் அவர் வீட்டைப் பற்றியது, இது எங்கள் தெரு, அதனால் மீறல் இல்லை என்று நாங்கள் தீர்ப்புச் சொல்லியிருந்தோம். அவர் பறந்துபோகாமல் காப்பாற்றுகிறவள் கோமதி என்று வெளியூர்க்காரர்களிடம் பெருமையாகவும் சொன்னோம். அப்படிச் சொல்லும்போது எங்களில் யாரும் அவர் கால்களைப் பார்ப்பதில்லை. எங்கள் வீட்டுப் பானைகளில் களி இருந்தது. ஒருவரும் எழுந்து போய் அவர் இலையில் ஒரு உருண்டை வைக்கவில்லை.

ஒருநாள் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போவதைப் பார்த்தபடி, பிள்ளையை மடியில் போட்டிருந்த வடிவு கேட்டாள்.

"எம்மா, இன்னும் ஒரு கரண்டி போட்டாத்தான் என்ன?"

கோமதி கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"போட்டா நின்னுருவாரே" என்றாள்.